உறவினர் அல்லாத ஒருவர்

“உங்க தம்பி நம்பர் செல்லாதுங்க. சொந்தக்காரங்க எல்லாரும் நல்லவரு, வல்லவருன்னுதான் சொல்லுவாங்க. உறவு இல்லாத ஒருத்தர் நம்பரைக் கொடுங்க” என்றார் கடன் நிறுவனத்தின் மேலாளர் அம்மாள். அலுவலகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘கறார்’ என்று பெயர்.

எதிரே இருந்த வேன் ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் அது. நேற்று நடுத்தெருவில் இன்ஜின் மண்டையைப் போட்டுவிட்டது. திங்கட்கிழமைக்குள் வண்டி கிளம்பாவிட்டால் பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். மனிதருக்கு இருப்பதே அந்த ஒரு பிழைப்புதான்.

“உங்க கிரெடிட் ஸ்கோர் பாதாளத்துல கிடக்கு. போன வருஷம் தவணையை வரிசையா விட்டிருக்கீங்க. ஏன்?”

“திடீர்னு ஒரு செலவு வந்துடுச்சு மேடம்.”

“என்ன செலவு?”

“செலவுதான் மேடம்.”

கறாருக்கு எரிச்சல் வந்தது. ஸ்கோரைக் காட்டி அப்போதே அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு வெளியாளிடம் விசாரிக்காமல் யாரையும் கைவிடுவது அவருக்குப் பழக்கமில்லை.

ஓட்டுநர் வெகுநேரம் யோசித்தார். பிறகு கைப்பேசியைப் பார்க்காமலே மடமடவென்று ஒரு எண்ணைச் சொன்னார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கறார் அந்த எண்ணை அழைத்தார்.

பெண் குரல் எடுத்தது. விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனது. “வண்டிக்கு என்ன ஆச்சு? அவருக்கு அடிகிடி ஒண்ணும் படலையே?”

“அவர் நல்லாத்தான் இருக்கார். வண்டிதான் படுத்துடுச்சு. ஆள் எப்படி?”

“அவரோட பேசுறதும் செவுத்தோட பேசுறதும் ஒண்ணு மேடம். நம்மளே கத்தி நம்மளே ஓயணும். மனசுல என்ன இருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.”

கறார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பண விஷயத்துல?”

“கை சுத்தம். வயித்தைக் கட்டியாவது கொடுத்துடுவார்.”

“தவணையை விட்டிருக்காரே?”

குரல் சற்றுத் தயங்கியது. “அவருக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு முதுகெலும்புல ஆபரேஷன். எழுந்து நடக்கவே மாட்டான்னு டாக்டருங்க கைவிரிச்சிட்டாங்க. இங்க கட்ட வேண்டியதை அங்க கட்டினார். பேர் கெட்டா கெடட்டும்னு விட்டுட்டார். எங்கேருந்து பணம் வந்துச்சுன்னு அவகிட்டகூட மூச்சு விடலை; பின்னாடிதான் தெரிய வந்துச்சு. இப்ப அவ நிமிர்ந்து நடக்கிறா.”

கண்ணாடிக்கு வெளியே ஓட்டுநர் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கக் கறாருக்கே பாவமாக இருந்தது. யாரிடமும் தவறாமல் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“உங்க கைக்காசா இருந்தா அவருக்குக் கொடுப்பீங்களா?”

“கையில இருந்தா இந்நேரம் உங்ககிட்ட அவரை வர விட்டிருப்பேனா மேடம்?”

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த கறார், சட்டென்று நிறுத்தினார். இத்தனை அக்கறை எந்த வெளியாளுக்கு வரும்? இந்த ஊமைக்கோட்டான் கடைசியில் தன்னையே ஏமாற்றப் பார்த்திருக்கிறதே!

“இந்தாம்மா, உண்மையைச் சொல்லு. நீ அவரோட சம்சாரம்தானே? சொந்தக்காரங்க சொன்னா செல்லாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பொய் சொல்லி நம்பர் கொடுத்தா லோன் கிடையாது, தெரியுமில்ல?”

“ஐயோ, அவர் பொய் சொல்லலை மேடம்! போன மாசம்தான் எங்களுக்கு விவாகரத்து ஆச்சு. அவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லைன்னு கோர்ட்டே எழுதிக் கொடுத்திருக்கு. அதைக் காட்டினாத்தான் அவருக்கு லோன் கிடைக்கும்னா சொல்லுங்க, இப்பவே நடந்தே எடுத்துட்டு வரேன்.”