வீட்டிலேயே ஒரு டிரெய்லர்

பக்கத்து வீட்டுக்காரர் கார் ஏற்றும் டிரெய்லர் ஒன்றைத் தன் வாசலில் தானே செய்துகொண்டிருந்தார். புதிதாகக் குடிவந்தவன் ஒரு வாரமாக மாடியிலிருந்து அதைப் பார்த்துச் சிரித்தான். அன்று காலை பொறுக்கமாட்டாமல் இறங்கிப் போனான்.

“ஏண்ணே இந்த வேண்டாத வேலை? கம்பெனி டிரெய்லர் ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சுது. நான் புக் பண்ணிட்டேன்” என்று போனில் படத்தைக் காட்டினான்.

அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகம் மாறியது.

“இந்தக் கம்பெனியா? வெல்டிங் பேருக்குத்தான் இருக்கும் தம்பி. விரிசல்ல பட்டி பார்த்து, மேல பளபளன்னு பெயிண்ட் அடிச்சிடுவாங்க. ஒரு பள்ளத்துல இறங்கினா டிரெய்லர் தனி, கார் தனி.”

“அதைச் சோதிக்க ஆள் இருக்குமே?”

“இருக்கான். திரும்பிக்கூடப் பார்க்காம சீல் குத்துவான்.”

“அவனெல்லாம் சோத்தைத்தான் திங்கிறானா?”

“என்னங்க, வேலைக்கு நேரமாச்சு.” அவர் மனைவி தேய்த்த சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டார். முதுகில் அதே கம்பெனியின் பெயர். அதன் கீழே, ‘தரச் சோதனைப் பிரிவு’.

“அண்ணே... அப்ப அந்த ஆளு...”

“வர்றதையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்தா வீடு வந்து சேர முடியுமா?” என்றபடி தன் டிரெய்லரின் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். “இது வேற. இதுல நம்ம காருல்ல ஏறப் போகுது.”

அவன் தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“என்னோடது வரும்போது மட்டும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கண்ணே.”