வேதனைப் பட்டை

கடன் செயலிகளால் சீரழிந்தவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தை ஆய்வு செய்ய, எம்.எல்.ஏ. தணிகைவேல் கேமராக்களோடு வந்திருந்தார். கையில் கட்டும் பட்டையில் மனவேதனை எழுபதைத் தாண்டினால், கட்டியிருப்பவரின் வங்கிக் கணக்கில் பணம் தானாகவே விழும். வீட்டையே இழந்த பூங்காவனத்துக்கு அது முப்பதைத்தான் காட்டியது.

"வசூலுக்கு ஆள் வந்தா புள்ளைங்க பயப்படுமேன்னு சிரிச்சிட்டே நிப்பேங்க. மனசு அப்படியே மரத்துப் போச்சு," என்றாள்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா." தணிகைவேல் நாட்டுக்கே பாடம் நடத்தும் தோரணையில் பட்டையை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டார்.

பூங்காவனம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஐயா, அந்தக் கடன் விளம்பரத்துல வந்தது நீங்கதானே? உங்க மூஞ்சிய நம்பித்தான் வாங்கினேன்."

கேமராக்கள் அவர் பக்கம் திரும்பின. பட்டை தொண்ணூற்று நான்கைத் தொட்டு மணியடித்தது.

"ஐயாவுக்கு முழுத் தொகையும் ஏறிடுச்சுங்க," என்றார் அதிகாரி பணிவாக. "திருப்பி எடுக்கத் திட்டத்துல வழியில்ல. அம்மா, இந்த வருச ஒதுக்கீடு இதோட முடிஞ்சுது. அடுத்த வருசம் வாங்க."

அவள் போகும்வரை தணிகைவேல் காத்திருந்தார். கேமராக்களை அணைக்கச் சொன்னார். பிறகு அதிகாரியின் காதோரம் குனிந்து கேட்டார்:

"இதுக்கு வரி பிடிப்பாங்களா?"