பஞ்ச் வரிசையில் ஒரு பெயர்

சங்கரன்கோவிலில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினியைக் கவனிப்பது நியாஸ் அகமதுவின் வேலை. கணினி அட்டைகளில் சின்னச் செவ்வகங்களாகத் துளையிடும் பஞ்ச் இயந்திரத்தை அந்தக் கம்பெனி எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டது. ஆனாலும் அதற்கான பஞ்ச் வரிசையில் தினமும் ஏதாவது ஒரு வேலை வந்து நிற்கும். அதை அழிப்பதுதான் ஷிப்டில் முதல் காரியம்.

அன்று மதியம் கூட வேலை பார்க்கும் லிங்கேஷ் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, பஞ்ச்ல ஒண்ணு நிக்கு. பேரு ஹஸ்னான்னு இருக்கு. உங்க மக பேருல்லா? அழிச்சிரட்டுமா?"

"இருலே. மெஷினே கெடையாது. ஸ்டார்ட் குடுத்துப் பாக்கேன், எங்கன போவுதுன்னு."

கட்டளையைத் தட்டினான். 'துளையிடுகிறது' என்று திரையில் வந்தது. கீழே, நாலு வயது ஹஸ்னா தூங்கிக்கொண்டிருந்த அறையில், டக்டக்கென்று சத்தம் எழுந்தது. பிறகு, "வாப்பா" என்று ஓர் அலறல்.

ஓடும் வேலையை நடுவில் வெட்டக் கூடாது என்பது ஆபரேட்டர்களின் கைப்பழக்கம். வெட்டும் கட்டளையை விட்டுவிட்டு நிறுத்தும் கட்டளையைத் தட்டினான். 'நடக்கும் வேலை முடிந்ததும் நிற்கும்' என்று பதில் வந்தது.

அவன் படியிறங்குவதற்குள் அழுகை நின்றுவிட்டது. சத்தம் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஃபேன் காற்றில் சின்னச் சின்னச் செவ்வகத் துண்டுகள் அறையெங்கும் பறந்துகொண்டிருந்தன. சிலவற்றில் நேற்று மகளின் கையில் வைத்த மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது.