மகனுடைய இங்கிலீஷ்

முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் நடத்தியவருக்கு அன்றோடு பணி ஓய்வு. மாலையில் விழா. வெளிநாட்டிலிருக்கும் மகன் வரவில்லை, கடிதம்தான் வந்திருந்தது. அதை ஆசிரியர்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"என்னமா எழுதியிருக்கான் பாருங்க! எல்லாம் நான் போட்ட போடு. பத்தாவதுல என் கிளாஸ்தான். ஒருநாள் என் நோட்ஸை விட்டுட்டு, சொந்தமா ஒரு லெட்டர் எழுதிட்டு வந்து நின்னான். முட்டை போட்டு, எல்லார் முன்னாடியும் கிழிச்சு எறிஞ்சேன். அதோட வழிக்கு வந்துட்டான்."

கணீரென்று ஆங்கிலத்தில் வாசிக்க ஆரம்பித்தார். 'அன்புள்ள அப்பா, உங்கள் விழாவுக்கு வர முடியாமல் போனதற்கு மிகவும் வருந்துகிறேன்...'

மூலையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் அவரிடமே படித்தவர். தலை நிமிராமலே அடுத்த வரியைச் சொன்னார். 'என் உடல் இங்கே இருந்தாலும் உள்ளம் உங்கள் அருகில்தான் இருக்கிறது.'

அவர் தன் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். அப்படியே இருந்தது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்க நோட்ஸ்தானே சார்! 'தந்தையின் ஓய்வு விழாவுக்கு வர இயலாத மகன் எழுதும் கடிதம்.' தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேனே."



அவர் கடிதத்தின் மேல் விரலை வைத்து, வரிவரியாகக் கீழே இறங்கினார். சொந்தமாக ஒரு வார்த்தையாவது எழுதியிருக்க மாட்டானா?

கையெழுத்து வரை தேடிவிட்டார். ஒன்றுகூட இல்லை.

பையன் முழு மார்க் வாங்கிவிட்டான்.