நிபந்தனைகளுக்கு உட்பட்டு

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், அந்தப் பெயிண்ட் கம்பெனியின் வாசலை இந்தக் கால்கள் இனி ஒருபோதும் மிதியா!"

சோபாவிலிருந்து எழுந்து நின்று முழங்கினார் பரிசோதகர். சகலமானவர்கள் என்று அங்கே இருந்தது அவர் மனைவி ஒருத்திதான். அவள் தலையணை உறையை உதறி மடித்தாள்.

"மேனேஜர் மாடியேறி வந்துட்டிருக்கார். இதை அவர்கிட்ட முழங்குங்க. நான் எந்த வாசலையும் மிதிக்கச் சொல்லலை."

பரிசோதகர் என்பது மூன்று மாதத்துக்கு முன்புவரை அவர் பார்த்த வேலை. தொட்டியில் கலக்கிய பெயிண்டைப் பலகையில் பூசி, காய்ந்ததும் நகத்தால் சுரண்டிப் பார்த்து, அவர் 'சரி' என்றால்தான் டின்னுக்கு மூடி விழும். ஒருநாள் மேனேஜர், "சுரண்டினது போதும்யா, லாரி நிக்குது!" என்று எல்லார் முன்னாலும் கத்த, பலகையை அவர் மேஜைமேல் விட்டெறிந்துவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் சுரண்டுகிறார். ஜன்னல் கம்பி, சமையல் பாத்திரம், மனைவியின் பொறுமை.

"திங்கட்கிழமை டைல்ஸ் கம்பெனியில சேரணும். ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் மனைவி. "வர்றவர் நாலு வார்த்தை இனிக்கப் பேசினா உருகி வழியாதீங்க."

"யாரு, நானா? அந்த ஆளை நிக்க வெச்சே அனுப்பறேன் பாரு!"

மேனேஜர் உதவியாளரோடு உள்ளே வந்தார். நிஜமாகவே நிற்க வைக்கப்பட்டார்.

"சார், நீங்க இல்லாம கம்பெனி கம்பெனியாவே இல்லை. திரும்பி வந்துடுங்க."

"அன்னிக்கு என்ன சொன்னீங்க? சுரண்டினது போதுமா? நான் என்ன, கரப்பான் பூச்சியா?" பரிசோதகரின் கழுத்து நரம்பு புடைத்தது. "எத்தனை பேர் சிரிச்சாங்க தெரியுமா?"

"தப்புதான் சார்."

"சத்தமா!"

"தப்புதான் சார்!"

எதிர் வீட்டுக் கதவு திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பரிசோதகருக்கு மனம் கொஞ்சம் குளிர்ந்தது. ஆனாலும் கோபத்தை அவ்வளவு சீக்கிரம் கைவிட மனமில்லை.

"இதே வார்த்தையை எல்லாத் தொழிலாளிங்க முன்னாலயும் சொல்லணும். பெயிண்ட் ட்ரம்மேல ஏறி நின்னு சொல்லணும்!"

"எந்த ட்ரம்னு நீங்களே காட்டுங்க சார். ஏறிடறேன்."

"எனக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை வேணும். வாசல்ல பெயர்ப் பலகை."

"உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு, ரெண்டா மாட்டிடலாம்."

மனைவி துணியை வைத்துவிட்டு எழுந்தாள். "ஏங்க, ஒரு நிமிஷம் உள்ளே வாங்க."

"பெரிய விஷயம் பேசிட்டிருக்கேன்."

"அந்தப் பெரிய விஷயத்துலதான் ஏதோ இடிக்குது. கேட்டதுக்கெல்லாம் தலையாட்டறார். ஒரு டீக்கடையில சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போடச் சொன்னாக்கூட முறைக்கிறாங்க. இவர் ட்ரம்மேல ஏறறேங்கறாரே, எதுக்கு?"

"என் அருமை இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. உனக்குத்தான் இன்னும் தெரியலை!"

"மூணு மாசமா கூடவே இருந்து பாத்துட்டேன், நல்லாவே தெரியும். டைல்ஸ் கம்பெனிக்காரங்க தேடி வந்து கூப்பிட்டாங்க. அதை விட்டுட்டு, நாய் மாதிரி விரட்டின இடத்துக்கு..."

"வாயை மூடுடி!"

பரிசோதகர் போனை எடுத்தார். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். "டைல்ஸ் கம்பெனியா? திங்கட்கிழமை நான் வரலை. உங்க டைல்ஸைத் தட்டிப் பார்க்க வேற ஆளைத் தேடிக்குங்க. என்னை இங்கே காலைப் பிடிச்சுக் கெஞ்சறாங்க!"

மறுமுனை போனை வைத்துவிட்டது. மனைவி மடித்த துணியை எல்லாம் சோபாவில் கொட்டிவிட்டுப் போய் அறைக் கதவை அறைந்து சாத்தினாள்.

"கடைசி நிபந்தனை" என்றார் பரிசோதகர், கதவுக்கும் கேட்கட்டும் என்று. "நான் வேலையை விட்டேன்ங்கற பேச்சே இருக்கக் கூடாது. ராஜினாமா நடக்கவே இல்லை. இந்த மூணு மாசமும் நான்தான் பரிசோதகர், அந்த நாற்காலியை விட்டு அசையவே இல்லைன்னு ஆகணும். ஒருநாள் இடைவெளிகூட ஒத்துக்க மாட்டேன்!"

உதவியாளர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பாய்ந்து வந்து பரிசோதகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே ஆகட்டும் சார். சம்பளமும்..."

"சம்பளம் யாருக்கு வேணும்? எனக்கு மரியாதை போதும்!"

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் பலமாக விழுந்தது.

படியிறங்கும்போது உதவியாளர் மெல்லக் கேட்டார். "பாவமா இருக்கு சார். சொல்லியிருக்கலாமோ?"

"என்னத்தைச் சொல்றது? ஆஸ்பத்திரி பூரா நம்ம பெயிண்ட் உரிஞ்சு நோயாளி மூஞ்சியில கொட்டுது. இந்த மூணு மாசமா இதைப் பார்த்து அனுப்பின பரிசோதகரை உடனே வேலையை விட்டுத் தூக்குன்னு முதலாளி குதிக்கறார். அந்த நாற்காலியில ஆளே இல்லைன்னு சொன்னா என்னைத் தூக்குவார்."

மேனேஜர் கார்க் கதவைத் திறந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்குச் சேர்த்துக்குவோம். பத்தரைக்குத் தூக்கிடுவோம்."