ராஜாவைப் பற்றி ஒன்பதாவது அழைப்பு

“எலும்பைப் பார்த்து அழுதாங்களே ஒரு அம்மா, அவங்க என்ன ராஜாவைக் கட்டிக்கப்போற பொண்ணா?”

“எழுதிக்கிட்டேன் சார்,” என்றாள் டெஸ்ஸா. கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் பழைய ராஜா ஒருவரின் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்ததைப் பற்றிய ஆவணப்படம் முடிந்ததிலிருந்து தொலைக்காட்சி நிலையத்தின் போன் ஓயவில்லை. நேயர்கள் சொல்வதைப் பாராட்டு, புகார் என்று பிரித்து எழுதுவது அவள் வேலை. நடுநடுவே மனம் எங்கோ மிதந்தது. மண்ணுக்குள் ஐந்நூறு வருடம் படுத்திருந்த ராஜா, தலைக்கு மேலே கார்கள் வந்து நிற்கும் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டு, இவை என்ன குதிரைகள் என்று யோசித்திருப்பாரோ?

ஒன்பதாவதாகப் பேசியவர் யார்க்ஷயரிலிருந்து மிஸஸ் ஹெப்வொர்த். வயதான குரல்.

“அருமையான படம், கண்ணு. ராஜாவோட அக்கா வம்சத்துல வந்தவரோட எச்சிலைச் சோதிச்சே, அது அவர்தான்னு கண்டுபிடிச்சாங்களே, நிஜமா?”

“நிஜம்தான் மேடம்.”

“தார்த் தரையை உடைக்காமலே மண்ணுக்குள்ள பார்க்கிற அந்த மெஷின்?”

“அதுவும் நிஜம்தான்.” டெஸ்ஸா சிரித்தபடி ‘பாராட்டு’ என்று எழுதினாள். “ராஜான்னா அவ்வளவு பிரியமா மேடம்?”

“ராஜா கெடக்கார், விடு. எங்க ஊர் சூப்பர் மார்க்கெட்ல கார் நிறுத்துற இடம் முன்னே செங்கல் சூளையா இருந்துச்சு. என் தம்பி கோலின் கடைசியா அங்கதான் வெளையாடப் போனான். அறுபத்தோரு வருஷமாச்சு.”

டெஸ்ஸாவின் பேனா நின்றது.

“நான் அவனோட சொந்த அக்கா, கண்ணு. எச்சில் எவ்வளவு வேணும்னாலும் தரேன். அந்த மெஷினை ஒரே ஒரு நாள் இங்க அனுப்பச் சொல்றியா?”