சிங்கப்பூரிலிருந்து வரவேண்டிய ஸ்கிரீன்

"ஸ்கிரீன் இன்னும் வரல்லண்டு சொன்னா சந்தோசமாப் போறார். இந்த மனிசன்ட கத சரியில்ல, ஐறீன்" என்றான் பௌஸி, கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரால் வாசலைக் காட்டி.

ஐறீன் கம்பியூட்டர் கடையின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். கொழும்பின் காலி வீதியைக் கடக்க, பஸ்களுக்கிடையில் சந்து தேடிக்கொண்டு நின்றார் பொன்னம்பலம். போகுமுன் ரசீதில் இன்றைய திகதியோடு கடை முத்திரை குத்தித் தரும்படி கேட்டு வாங்கியிருந்தார். எப்போது வந்தாலும் அப்படித்தான்.

"சில பேருக்கு அவசரமில்லத்தானே" என்றாள்.

"வொரண்டிக்கு வாற ஆக்கள் எல்லாம் ஏசிட்டுத்தான் போறாங்க. நேத்து வந்த அன்ரி என்ட வாப்பாவையும் சேத்து ஏசினா. இவர் மட்டும் 'ஆறுதலாச் செய்யுங்கோ தம்பி' எண்டுறார். சொந்தச் சாமானுக்கு யாராவது அப்பிடிச் சொல்லுவாங்களா?"

பொன்னம்பலம் திருத்தக் கொடுத்திருந்த மடிகணினியின் திரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு ஓடியது. உத்தரவாதக் காலம் முடியவில்லை. புதுத் திரை இலவசம், ஆனால் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். அதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் எல்லாம் மனிதரில்தான். வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருப்பதாகச் சொன்னார். கணினியை எப்படித் திறப்பதென்று தெரியவில்லை. பாஸ்வேர்ட் தெரியவில்லை. வாங்கிய பில்லில் தயாபரன் என்று பெயர் இருந்தது. யார் என்று கேட்டபோது, "தெரிஞ்ச பெடியன்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த குடையை விரித்து மடக்கினார். பில்லில் இருந்த இலக்கத்துக்கு ஐறீன் அழைத்துப் பார்த்தாள். ஃபோன் நிறுத்தப்பட்டிருந்தது.

அவளுக்கு முன் இந்த மேசையில் இருந்தவள் றஞ்சிதம். தெரியாமல் ஒரு திருட்டுக் கமெராவைத் திருத்த எடுத்ததற்கு, பொலிஸுக்கும் அலைந்து வேலையையும் இழந்தாள். ஐறீனின் சம்பளத்தில்தான் கொட்டாஞ்சேனை வீட்டு வாடகையும் அவளுடைய மாலை வகுப்பும் ஓடின. ஆனாலும் அவள், பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். தன் கையையே நம்பாதவளுக்கு இன்னொருவரைக் கள்ளன் என்று சொல்ல எப்படி வாய் வரும்?

அடுத்த கிழமை திரை வந்தது. காலையிலேயே பௌஸி அதைப் பொருத்தி முடித்தான். பச்சைக் கோட்டைக் காணோம், படம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

"இண்டைக்கு வந்தா சும்மா குடுத்திராதீங்க. அந்தத் தயாபரனக் கூட்டிட்டு வாங்க எண்டு சொல்லுங்க. முழிச்சார் எண்டா நேரா மெனேஜர்ட்ட போங்க. பொறகு உங்கட வேலதான் போகும்."

"நான் பிழையா நினைச்சிருந்தா?"

"றஞ்சிதம் கூட அந்தக் கமெராக்காரன நல்லவன் எண்டுதான் நினைச்சா."

கதவு திறந்தது. பொன்னம்பலம் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பொலிஸ் அதிகாரி.

"நான் சொல்லல்ல?" என்று பௌஸி மெல்ல முணுமுணுத்தான்.

அதிகாரி, கடை முத்திரை குத்திய ரசீதை மேசையில் வைத்தார்.

"நங்கி, இது உங்கள் கடை முத்திரையா?" என்று சிங்களத்தில், தங்கையை அழைப்பதுபோல் கேட்டார்.

"ஆமாம், சேர்."

"லொட்ஜில் தங்கியிருக்கிறவர்களை விசாரிக்கிறோம். கொழும்பில் நிற்கத் தகுந்த காரணம் இல்லாதவர்களை ஊருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் இவர் இதைக் காட்டுகிறார். கம்பியூட்டர் திருத்த வந்தாராம். திருத்தி முடிந்தால் கையில் கொடுங்கள். பின்னேர பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம்."

அவர் இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. பேசுவதற்காக வாசல் பக்கம் திரும்பினார்.

இப்போது கேட்காவிட்டால் இனி முடியாது. ஐறீன் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. தயாபரன் யார்?"

பொன்னம்பலம் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண் பௌஸியின் மேசையில், கோடில்லாமல் ஒளிர்ந்த திரையில் நின்றது.

"திருத்திப் போட்டியளே?" என்றார்.

"யார் எண்டு கேட்டனான்."

"என்ரை மகன், பிள்ளை. இஞ்சை படிக்க வந்தவன். கார்த்திகை மாசம் ஆரோ வந்து வான் ஒண்டிலை ஏத்திக்கொண்டு போனவையாம். அறையிலை மிஞ்சிக் கிடந்தது இது மட்டும்தான். அவனைத் தேடித்தான் நிக்கிறன் எண்டு பொலிஸுக்குச் சொல்ல ஏலுமே?"

அதிகாரி திரும்பி வந்தார். "என்ன நங்கி, வேலை முடிந்ததா?"

"இல்லை, சேர்" என்றாள் ஐறீன். "வந்த ஸ்கிரீனிலும் கோடு விழுகிறது. திரும்பச் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும், நாள் எடுக்கும்."

அவளுக்குப் பின்னால் பௌஸி, கோடில்லாத திரையில் அதிகாரியின் கண் படுமுன், அந்தக் கணினியை மெல்ல மூடினான்.